வீட்டு முடிச்சு

எங்கள் நடைக்குழுவில் ஒன்பது பெண்கள். எட்டுப் பேர் நடக்க வருவோம். அக்கா பயப்பட வருவார்.

விடியக் கல்லடிப் பாலத்தில் கூடி, கடற்கரை வரை போய், வந்த வழியே திரும்புவோம். அக்கா ஒருநாளும் பாலத்தின் கைப்பிடிப் பக்கம் நடந்ததில்லை. "வாவியப் பாருங்க அக்கா, என்ன வடிவு" என்றால், "இஞ்ச நிண்டே தெரியிது" என்று நடுவிலேயே நடப்பார். செருப்பைப் போடுமுன் இரண்டு தரம் கவிழ்த்துத் தட்டுவார், தேள் இருக்குமாம். பஸ்ஸில் வாசலுக்கு நேரே உள்ள சீற் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். நாய் குரைத்தால் நாங்கள் நாயைப் பார்ப்போம். அவர் பக்கத்தில் ஏறக்கூடிய மதில் எது என்று பார்ப்பார்.

நான் அவரைப் பகிடி பண்ணாத நாளில்லை. பிறகு சொல்லப்போவதை நினைத்து இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அவர் தபாற்கந்தோரில் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். புருசன் இல்லை. ஒரே மகள் கனடாவில். நான் அவர் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளிப் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு நாலு வயதில் ஒரு மகள். குழுவை நடத்துவது காத்தான்குடியில் தையல் கடை வைத்திருக்கும் ராத்தா, முஸ்லிம் அக்காமாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கழுத்தில் விசிலோடுதான் வருவார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களை வான் வண்டியில் ஏற்றி எங்காவது ஒரு மலைக்குக் கொண்டுபோய் ஏற்றி இறக்கிவிடுவது அவருடைய ஆசை.

இப்படிப் பயந்தவர் மலைக்கு ஏன் வருகிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கடல் ஏறி வராத இடத்தில கொஞ்ச நேரமாவது நிக்கணும் புள்ள. மேல போய் நிண்டாத்தான் எனக்கு நெஞ்சு ஆறும்" என்றார்.

சுனாமியில் அவர் வீட்டுக்குள் கடல் வந்து போனது. எங்கள் ஊர் தட்டையான ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஏறி நிற்க ஒரு மேடு கிடையாது.

முதல் பயணத்துக்கு ராத்தா கொழும்பிலிருந்து பக்கற்றில் அடைத்த 'ட்ரெயில் மிக்ஸ்' வாங்கி வந்தார். அக்கா அதில் ஒரு நிலக்கடலைப் பருப்பை முன்பல்லால் கடித்துப் பார்த்தார்.

"இது எந்த வருசத்துக் கச்சான்?"

"வெளிநாட்டுச் சாமான்கா."

"அப்ப கப்பல்ல வரக்குள்ளயே கிழவியாப் போயிரிக்கும்" என்று பக்கற்றை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து கொறியல் அவருடைய பொறுப்பு. அவர் அதை மலைக்கொறியல் என்பார்.

மலைக்கு மூன்று நாள் முன்னமே அவர் குசினியில் வேலை தொடங்கிவிடும். கடை பூட்டிவிட்டு நானும் போய் நிற்பேன். உதவி என்று பெயர், பாதி வேலை தின்பதுதான். கழுவிக் காயவைத்த கடல் மணலைத் தாச்சியில் போட்டுச் சூடாக்கி, அதில் கச்சானை வறுப்பார். பிறகு கொண்டைக்கடலை, பிறகு முந்திரிக் கஜு, ஒவ்வொன்றும் தனித்தனியாக. தேங்காயை மெல்லிய சொட்டுத் துண்டுகளாகச் சீவி, மேலே வலை போட்டு மூன்று வெயில் காயவைப்பார். காத்தான்குடிப் பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து நறுக்கி, வறுத்த எள்ளில் புரட்டுவார், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க. சொக்லேற் போடலாமே என்று ஒருமுறை கேட்டதற்கு, "எங்கட வெயிலுக்கு அது குழம்பு" என்றார்.

உப்பு மட்டும் போடமாட்டார். உப்பில்லாத கச்சானைத் தின்பது எவ்வளவு துன்பம் என்று உங்களுக்கே தெரியும்.

"வவுணதீவுப் பக்கம் ஆனை ஏன் வீட்டுச் சுவர உடைக்கிது? உள்ளுக்க நெல்லும் உப்பும் இரிக்கி, அதுக்குத்தான். நீ உப்ப முதுகில கட்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள போகப் போறயா?"

ஒவ்வொரு சாமானுக்கும் அவரிடம் ஒரு பயம் இருந்தது. கச்சான் கால் ஓயாமல் இருக்க. பேரீச்சம்பழம் கண் இருளாமல் இருக்க. தேங்காய்ச் சொட்டு எதற்கென்றால், அது வாயில் நெடுநேரம் கிடக்கும், வாயில் ஏதாவது கிடந்தால் பெண்கள் சத்தம் போடமாட்டார்களாம். எல்லாம் ஆறிய பிறகு பெரிய பேசினில் கொட்டிக் கலந்து, கடிதம் நிறுக்கும் பழைய தராசு ஒன்றில் ஒன்பது பங்காக நிறுப்பார். ஒரு கடலை கூடினாலும் எடுத்துவிடுவார். "முத்திரை குறைஞ்சா தபால் போகாது, கூடினா ஆக்களுக்கு நட்டம்" என்பார்.

அதோடு முடியாது. ஒவ்வொருவருக்கும் பெருவிரல் அளவில் இன்னொரு பொட்டலம் உண்டு. வெள்ளைத் துணித் துண்டில் இரண்டு பேரீச்சம்பழம், ஒரு கட்டி கற்கண்டு, ஆனைக்கு மணக்காமல் பொலித்தீனில் சுற்றிய ஒரு துளி உப்பு. அதைச் சிவப்பு நூலால் பார்சல் கட்டுவதுபோலக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டுவார். அதற்குப் பெயர் வீட்டு முடிச்சு. மலையில் எவ்வளவு பசித்தாலும் அதை அவிழ்க்கப்படாது. ஆபத்துக்குத்தான். ஆபத்து வராவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோய், கேற்றைத் திறந்து உள்ளே போன பிறகுதான் அவிழ்த்துத் தின்ன வேண்டும். தின்றதும் குழுவின் வட்சப்பில் 'அவுத்தாச்சு' என்று போட வேண்டும். ஒன்பது 'அவுத்தாச்சு' வரும்வரை அக்கா பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார்.

"பதிவுத் தபால் மாதிரி. போய்ச் சேந்த எண்டு கையெழுத்து வந்தாத்தான் என்ர வேல முடிஞ்ச."

ஒருமுறை நான் வந்த களைப்பில் போனைச் சார்ஜில் போட மறந்து படுத்துவிட்டேன். விடிய ஆறு மணிக்குக் கேற்றில் தட்டும் சத்தம். மழை. அக்கா ஒரு கையில் குடையும் மறுகையில் செருப்புமாக நின்றார். வெள்ளத்தில் செருப்பு அறுந்துவிட்டது.

"உயிரோட இரிக்கயா?"

"இரிக்கன் அக்கா. போன் செத்துப் போச்சி."

"முடிச்சு எங்க?"

நான் எடுத்துக் காட்டினேன். என் முன்னால் நின்று அவிழ்க்க வைத்து, நான் கற்கண்டைக் கடிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினார். நான் சிரித்தேன். அவர் போனபின் அறுந்த செருப்போடு அந்தத் தண்ணீரில் எப்படிப் போவார் என்று யோசித்தேன். அதற்குள் மகள் எழும்பி அழத் தொடங்கிவிட்டாள், யோசனையும் போய்விட்டது.

ஒரு பயணத்தில், குழுவில் ஒருவர் பிரஷர் இருப்பதை மறைத்துக்கொண்டு வந்து பாதி மலையில் சுருண்டு விழுந்தார். அன்றிலிருந்து ராத்தா கண்டிப்பாகிவிட்டார். நோய் வருத்தம் உள்ள யாரும் மலைக்கு வரப்படாது. ஒரு படிவம் வேண்டும், ஒவ்வொருவரும் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். நான்தான் அதை அடித்துப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். 'ஏதாவது வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறீர்களா? ஆம் / இல்லை.'

அக்கா என் கடை மேசையில் வைத்துத்தான் அதை நிரப்பினார். 'இல்லை' என்பதைச் சுற்றி வட்டம் போட்டார். பேனை கொஞ்ச நேரம் அந்த வட்டத்தின் மேலேயே நின்றது.

"என்னக்கா, படிவத்துக்கும் பயமா?"

"ஓம் புள்ள" என்றார். நான் சிரித்தேன். என்னுடைய பகிடிகளில் இப்போதும் என்னைச் சுடுவது அதுதான்.

அந்த ஆவணியில் குடும்பிமலைக்குப் போனோம். கிரானால் திரும்பி, வயல்களைத் தாண்டி, செம்மண் பாதையில் வெகுதூரம் போய், ஒரு சின்னக் குளத்து அணைக்கட்டில் வானை நிறுத்தினோம். வானை ஓட்டி வந்தது ராத்தாவின் தம்பி. வழிகாட்ட அந்தப் பக்கத்து வேளாண்மைக்காரர் ஒருவர் வந்தார். பகல் சாப்பாடு எல்லோருக்குமாகப் பதினொரு சோற்றுப் பார்சல். அதைக் காட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது, மணம் அடிக்கும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றார். ஆகவே சோற்றுப் பெட்டியை வானின் மேல் கரியரில் கட்டிவிட்டு, கொறியலோடும் தண்ணீரோடும் ஏறினோம். இறங்கி வந்து சாப்பிடுவதாக ஏற்பாடு.

மேலே போனதும் அக்கா பாறையில் கால் நீட்டி உட்கார்ந்தார். கீழே காடு, தூரத்தில் வயல், அதற்கும் அப்பால் வாவியோ கடலோ என்று தெரியாத ஒரு வெளிச்சக் கோடு. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயம் இல்லாமல் நான் பார்த்தது மலை உச்சிகளில்தான். அங்கே அவருக்குக் கண் சொக்கும்.

பிழை விட்டது நான். இறங்கும்போது என் கொறியல் முடிந்துவிட்டது. முக்கால் வழியில் மரங்களுக்கூடாக வானின் சிவப்புக் கூரை தெரிந்தது. இனி என்ன, வந்தாச்சே என்று வீட்டு முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்து, கற்கண்டை வாயில் போட்டேன். பின்னால் வந்த அக்கா குனிந்து சிவப்பு நூலை எடுத்தார்.

"இது உன்ட நூலா?"

"வான் தெரியிதுதானே அக்கா."

"வான் தெரிஞ்சா? வீடு தெரிஞ்சதா? இன்னும் வீட்ட போகல்லயே!"

அவர் முகம் வெளிறிவிட்டது. கோபம் என்று நினைத்தேன். தோள்பையிலிருந்து தன்னுடைய முடிச்சை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

"வேணாம் அக்கா. அது உங்கட."

"பிடி. முடிச்சில்லாம ஒருத்தரும் நடக்கப்படா. உனக்குச் சின்னப் புள்ள இரிக்கி. எனக்கு வான் வரைக்கும் தாங்கும்."

வான் தெரிந்ததை நம்பாதே என்று என்னை ஏசியவர், அடுத்த மூச்சில் தானே வானை நம்பினார். அவர் தன் சட்டத்தை மீறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

காட்டு விளிம்புக்கு வந்தோம். முன்னால் போன வழிகாட்டி கையை உயர்த்தினார்.

"பெரியாள் நிக்கிறார். ஒருத்தரும் வாய் திறக்கப்படா."

குளத்துக் கட்டில், வானுக்குப் பக்கத்தில், தனியன் ஆனை. கூட்டத்தோடு சேராத ஆண் ஆனை. எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு திறந்த வெட்டையும் கொஞ்சம் பற்றைப் புதர்களும்தான். நாங்கள் ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் ஒன்பது பேரும் ஒருவர் மடியில் ஒருவராக ஒடுங்கினோம். வழிகாட்டி தள்ளி ஒரு மரத்தோடு ஒட்டி நின்றார். வானுக்குள் ராத்தாவின் தம்பி இருந்தான். கண்ணாடிக்குக் கீழே படுத்திருப்பான் போல, ஆள் தெரியவில்லை. போனில் சிக்னல் இல்லை.

ஆனை தும்பிக்கையை உயர்த்தி வானின் மேலே தடவியது. நெற்றியால் ஒருமுறை முட்டியது. வான் ஆடி நின்றது. ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தார், கண்ணீர் விரல்களுக்கு மேலால் வழிந்தது. பிறகு கரியரில் இருந்த பெட்டி கீழே விழுந்து உடையும் சத்தம் கேட்டது. எங்கள் சோற்றுப் பார்சல்கள். ஆனை வாழையிலையோடு சேர்த்து ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது. மணத்துக்குப் பயந்து வானில் வைத்த சோறுதான் அதை வானுக்குக் கூட்டி வந்திருந்தது.

எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல். தின்று முடித்தும் ஆனை போகவில்லை, வானின் நிழலில் நின்று காதை ஆட்டிக்கொண்டிருந்தது. எனக்கு மகளின் முகம் மாத்திரம் வந்து வந்து போனது.

என் தோளோடு ஒட்டியிருந்த அக்கா நடுங்கத் தொடங்கினார். கை, உதடு, தாடை எல்லாம் நடுங்கின. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, இது அக்காதானே, எப்போதும் இப்படித்தானே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மற்றவர்களும் பார்த்தார்கள். ஒருவர் அவர் முதுகைத் தடவிவிட்டார். ஒன்பது பேரும் நடுங்கிக்கொண்டிருந்த இடத்தில் ஒருவருடைய நடுக்கம் வேறு நடுக்கம் என்று யார் கண்டது?

பிறகு அவருடைய நடுக்கம் நின்றுவிட்டது.

அக்கா எழும்பினார். சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். பையைத் தோளில் போட்டார். சாதாரணக் குரலில், கவுண்டருக்குப் பின்னாலிருந்து பேசுகிற குரலில் சொன்னார்.

"மூண்டு மணிக்குத் தபால் பை கட்டணும். நான் போறன்."

பாறையைச் சுற்றி, ஆனை நின்ற பக்கம் நடந்தார்.

ஆனையைக் கண்டபோது நான் பயந்தது ஒரு பயம். அக்காவின் முகத்தைக் கண்டபோது பயந்தது வேறு. அந்த முகத்தில் பயம் இல்லை. உச்சியில் இருந்தபோது தெரிந்த அமைதியும் இல்லை. ஒன்றுமே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார், கடைக்கு வருகிற யாரையோ பார்த்துச் சிரிப்பதுபோல. பாலத்தில் கம்பிப் பக்கம் நடக்காத மனுசி, ஆனையை நோக்கி நடக்கிறார்!

நாலு எட்டில் பிடித்துவிட்டேன். இடுப்பைச் சேர்த்துக் கட்டி இழுத்து, பற்றைக்குள் விழுந்தோம். ஆனையின் காதுகள் அசையாமல் விரிந்து நின்றன. நான் அவர் வாயை என் உள்ளங்கையால் அழுத்தினேன். சட்டை முழுக்க ஈரம், தோல் மீன் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. கை இடுக்கால் அவர் கேட்டார்:

"ஆரு நீங்க? முத்திரையா வேணும்?"

இவருக்கு ஏதோ செய்கிறது, இது பயமில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆபத்துக்குத்தான் என்று அவர் சொல்லிச் சொல்லிக் கட்டிய முடிச்சு ஒன்றுதான் நினைவில் வந்தது. அவருடைய முடிச்சை என் பையிலிருந்து எடுத்தேன். தபாற்கந்தோர் முடிச்சு, லேசில் அவிழாது. ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு, பல்லால் கடித்து நூலை அறுத்தேன்.

எங்கள் முடிச்சுகளில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. மடித்த தாளில் வெள்ளை மாப்பொடி. அந்தத் தாளின் உள்பக்கத்தில், ரசீது எழுதுகிற அழகான கையெழுத்தில், இப்படி இருந்தது:

'எனக்கு நீரிழிவு உண்டு. இன்சுலின் போடுகிறேன். நான் தடுமாறினால் இந்தக் குளுக்கோஸை வாயில் போடவும். மகளின் இலக்கம் கீழே. தயவு செய்து குழுவில் சொல்ல வேண்டாம்.'

அதை எழுதி, முடிந்து, தன் உயிரைத் துணியில் கட்டித்தான் என் கையில் வைத்து விரல்களை மடக்கியிருக்கிறார். நான் ஒரு கட்டி கற்கண்டுக்கு ஆசைப்பட்டதற்காக.

குளுக்கோஸை விரலில் தொட்டு அவர் கன்னத்துக்குள் பூசினேன். கடித்தார். விரலை எடுக்கவில்லை. மறுபடி பூசினேன், மறுபடி கடித்தார். அந்தத் தழும்பு இப்போதும் நடுவிரலில் இருக்கிறது. ஆனை இரண்டு அடி எங்கள் பக்கம் வைத்தது. எனக்குத் தெரிந்த தெய்வங்கள் எல்லோரையும் ஒருமுறை கூப்பிட்டேன், ராத்தாவின் அல்லாவையும் கூப்பிட்டேன். ஆனை நின்று, மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டு, மெல்லக் குளத்துப் பக்கம் திரும்பியது.

அக்கா மா முழுவதையும் விழுங்கிவிட்டார். கற்கண்டைக் கொடுத்தேன், சூப்பினார். நான் அவர் கண்களையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்கிற நேரம் இருக்கும். கண் முதலில் என்னைக் கண்டது. பிறகு என் தோளுக்கு மேலால் குளத்தைக் கண்டது. அவர் நகங்கள் என் கைக்குள் இறங்கின.

"ஐயோ புள்ள, ஆனை!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவின் பயம் திரும்பி வந்துவிட்டது, அக்காவும் வந்துவிட்டார். அவரைக் கட்டிக்கொண்டு சத்தம் வராமல் அழுதேன். அதற்குள் அவர் தரையில் கிடந்த சிவப்பு நூலைக் கண்டுவிட்டார்.

"அவுத்திட்டயா? இன்னும் வீட்ட போகல்லயே..."

ஆனை தண்ணீர் குடித்துவிட்டுக் காட்டுக்குள் போனபின் நாங்கள் வானுக்கு ஓடினோம். ராத்தாவின் தம்பி நனைந்த காற்சட்டையோடு இருந்தான், யாரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம். வான் தார் வீதிக்கு ஏறியபிறகு ராத்தா என்னிடம் கேட்டார்.

"அவவுக்கு என்ன நடந்த?"

அக்கா யன்னலோரமாக இருந்து என்னைப் பார்த்தார். அந்தத் தாள் என் பையில் இருந்தது.

"பயந்திட்டா" என்றேன்.

அன்று பின்னேரம் குழுவில் ஏழு 'அவுத்தாச்சு' வந்தன. எங்கள் இரண்டு பேரிடமும் அவிழ்க்க ஒன்றுமில்லை.

மூன்று நாள் கடையில் வேலை ஓடவில்லை. பிரதி எடுக்கும் தாள்களைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். கண்ணை மூடினால் அந்த ஒன்றுமில்லாத சிரிப்பு வந்து நிற்கும். தனி வீட்டில், குளிக்கும்போது, கிணற்றடியில், அப்படி ஒருநாள் சிரித்துக்கொண்டு எழும்பி நடந்தால் யார் பிடிப்பது? நாலாம் நாள் தாளை எடுத்து, கீழே இருந்த இலக்கத்துக்குக் கோல் எடுத்தேன்.

அக்காவின் மகள் அந்த மாதமே வந்து இறங்கினாள். தாயைக் கனடாவுக்குக் கூட்டிப்போக விசாக் கடுதாசி வேலைகளை ஏற்கனவே தொடங்கியிருந்தாளாம், தாய்தான் இழுத்தடித்திருக்கிறார். இனி இழுக்க இடமில்லை. ராத்தாவுக்கும் தெரிந்தது. "என்னட்டச் சொல்லியிருந்தா நான் விட்டுட்டா போயிருப்பன்?" என்று அழுதார். கண்ணைத் துடைத்துவிட்டு, "விட்டுட்டுத்தான் போயிருப்பன்" என்றார்.

அக்கா ஒருநாள் கடைக்கு வந்து வாசலில் நின்றார். நான் கும்பிடாத குறையாக எழும்பி நின்றேன்.

"அக்கா, நான் பயந்திட்டன். அதான் மகளுக்குக் கோல் எடுத்த."

"தெரியும். பயந்த ஆள நான் எப்பிடி ஏசுற?" என்றார். "ஆனா புள்ள, அங்க மகள்ட வீடு பன்னிரண்டாம் மாடியாம். அவ்வளவு உயரத்தில கடல் வராது. இப்ப என்னெண்டா, கடல் வராத இடம் எண்டு நினைக்கவே எனக்குப் பயமாக் கிடக்கு."

அக்கா போகும் நாளுக்கு முன்னம் நானே கொறியல் செய்தேன். மணலைக் கழுவினேன், தேங்காயைக் காயவைத்தேன், அவருடைய தராசிலேயே நிறுத்தேன். தராசை என்னிடம் விட்டுவிட்டார். வீட்டு முடிச்சும் கட்டினேன், உள்ளே குளுக்கோஸும் தாளும் வைத்து. அவர் வாங்கி, நூலை நகத்தால் இழுத்துப் பார்த்தார்.

"இது அவுழும்" என்று என் முடிச்சைப் பிரித்து, எயார்போர்ட் வான் வாசலில் நின்றபடியே திருப்பிக் கட்டினார். குறுக்கும் நெடுக்கும், பார்சல் மாதிரி. பிறகு செருப்பைக் கழற்றி இரண்டு தரம் தட்டிவிட்டு ஏறினார்.

கனடாவில் இறங்கியிருக்க வேண்டிய நேரம் கழிந்தது. நாங்கள் எட்டுப் பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ராத்தா தையல் கடையிலிருந்து மூன்று தரம் கோல் எடுத்து "வந்ததா?" என்று கேட்டார். எனக்கு ஊற்றிய தேத்தண்ணீர் குடிக்காமலே ஆறிக் கிடந்தது. எங்கள் எட்டுப் பேருக்காக அவர் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் இருந்திருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு முழு நாளும் கழிந்தது. அடுத்த நாள் கடை திறக்கும்போது மகளிடமிருந்து செய்தி வந்தது. அம்மா சுகமாக வந்து சேர்ந்துவிட்டார், சாப்பிட்டுப் படுத்திருக்கிறார் என்று. மற்றவர்கள் பூவும் கும்பிடுகிற கையுமாக அனுப்பினார்கள். நான் அக்காவுக்குத் தனியாகப் போட்டேன்.

'அவுத்தாச்சா அக்கா?'

பகல் வந்தது பதில்.

'அவுக்கல்ல புள்ள. இன்னும் வீட்ட வரல்லயே.'